எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள்: கிரான் டூரிஸ்மோ 7 ஒன்லைன் ரேஸுக்கு ரயர் தெரிவும் கார் ஆயத்தமும்

கிரான் டூரிஸ்மோ 7 என்ற பிளேஸ்ரேஷன் கார் ரேஸ் விளையாட்டில் பீபீ (காரின் திறனை அளக்கும் புள்ளி) எல்லை போட்ட ஒன்லைன் ரேஸுக்குக் கார் தயார் செய்யச் சொன்னால், பலரும் முதலில் ஓடுவது டியூனிங் கடையின் எஞ்சின் பகுதிக்குத்தான். டர்போ பூட்டி, எக்ஸோஸ்ற் மாற்றி, குதிரைவலுவை ஏற்றி எல்லையைத் தொட்ட பிறகு பார்த்தால் நல்ல ரயருக்குப் புள்ளி மிச்சம் இராது. நேர்ப்பாதையில் முந்துவார்கள், அடுத்த வளைவில் பிடித்த இடத்தை விட்டுவிடுவார்கள். வலு, எடை, டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைக் கீழே அழுத்தும் விசை) ஆகியவற்றோடு ரயரும் பீபீ கணக்கில் சேர்கிறது. ரயரின் தரத்தை ஒரு படி ஏற்றினாலே புள்ளி ஏறும். ஆகவே நிகழ்வின் விதிகளை முதலில் வாசித்து, ரயரைத் தீர்மானித்து, பிறகு எடையையும் சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும். எஞ்சின் கடைசி.

விதிப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

நிகழ்வின் விபரப் பக்கத்தை அவசரமாகத் தாண்டிப் போவதுதான் அதிகமான தோல்விக்குக் காரணம். பீபீ எல்லை, அனுமதித்த ரயர் தரம், கட்டாய ரயர் உண்டா, ரயர் தேய்வு எத்தனை மடங்கு, பெற்றோல் செலவு எத்தனை மடங்கு, பிட்டில் (ரயர் மாற்றவும் பெற்றோல் நிரப்பவும் நிற்கும் இடம்) ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் நிரப்பும், வானிலை மாறுமா, செற்றிங் மாற்ற அனுமதி உண்டா என்பவை எல்லாம் அங்கேயே இருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டாய ரயர் என்று ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் போட்டிருந்தால் அவை ஒவ்வொன்றையும் ரேஸுக்குள் ஒரு முறையாவது பூட்டி ஓடியிருக்க வேண்டும். மறந்தால் முடிவில் தண்டனை நேரம் கூடும். வேகத்தால் அதை ஈடு செய்ய முடியாது. இன்னொன்று: ரயர் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக வாங்கப்படுவது. ஒரு காருக்கு வாங்கிய ரேசிங் மீடியத்தை இன்னொரு காருக்குக் கழற்றிப் பூட்ட முடியாது. லொபிக்குள் (ரேஸுக்கு ஆட்கள் சேரும் ஒன்லைன் ரூம்) போன பிறகு ரயர் இல்லை என்று கண்டுபிடிப்பதை விட, தேவைப்படக்கூடிய எல்லாத் தரத்தையும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

தரங்கள்

உலர் பாதைக்கு மூன்று குடும்பங்கள்: கொம்ஃபோர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங். ஒவ்வொன்றிலும் ஹார்ட், மீடியம், சொஃப்ட் உண்டு. கொம்ஃபோர்ட் ஹார்ட் அடியில், ரேசிங் சொஃப்ட் உச்சியில். இதற்குப் புறம்பாக மழைக்கு இன்டர்மீடியற், ஹெவி வெற் என்று இரண்டும், மண் பாதைக்கும் பனிப் பாதைக்கும் ஒவ்வொன்றும் இருக்கின்றன. இந்த விளையாட்டில் காற்றழுத்தம் மாற்றும் வசதி இல்லை. வேறு சிமுலேற்றர்களில் இருந்து வருபவர்கள் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடும்பம் விட்டுக் குடும்பம் தாவும்போது காரின் குணமே மாறும். அக்குவா, ஃபிற் போன்ற கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் எல்லோருக்கும் பழக்கம்; விளையாட்டின் தொடக்கத்தில் தெரிவு செய்யத் தரும் மூன்று கார்களில் இரண்டு அவைதான். அப்படியான குறைந்த வலுக் காருக்கு ஸ்போர்ட்ஸ் சொஃப்ட் பூட்டினால் வழுக்காது, ஆனால் அந்தப் பிடிமானத்தைப் பயன்படுத்த எஞ்சினுக்கு வலு காணாது. புள்ளி வீண். மறுபக்கம், 500 குதிரைவலுப் பின்சில்லு ஓட்டக் காருக்குக் கொம்ஃபோர்ட் மீடியம் பூட்டினால், வளைவில் இருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் அக்சிலரேற்றரைப் பாதியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் கியரில் முழு அக்சிலரேற்றர் கொடுக்கும்போது மெல்லிசாகச் சறுக்குகிற அளவே சரியான பொருத்தம். அதற்குக் கீழே இறங்கினால் ரயர் காணாது, மேலே ஏறினால் எஞ்சின் காணாது.

நண்பர்கள் சேர்ந்து ஓடும் லொபிக்கு ஸ்போர்ட்ஸ் ஹார்ட்டை உச்ச எல்லையாக வைப்பதே எங்கள் பரிந்துரை. பிரேக் தூரம் கூடும், முந்துவதற்கு இடம் கிடைக்கும், ஓட்டுபவரின் கை வேறுபாடு தெரியும். ரேசிங் சொஃப்ட் போட்ட லொபிகளில் பெரும்பாலும் முதல் வளைவில் அமைந்த வரிசையே கடைசி வரை நிற்கும்.

சொஃப்ட்டா, மீடியமா, ஹார்ட்டா: கணக்குப் போட்டே முடிவெடுங்கள்

தேய்வு ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ என்றால், குறுகிய ரேஸில் யோசிக்கத் தேவையில்லை. அனுமதித்ததில் மிக மென்மையானதைப் பூட்டுங்கள். தேய்வு கூடும்போதுதான் பிழைகள் வருகின்றன. ஒவ்வொரு ரயருக்கும் இரண்டு எண்கள் வேண்டும்: புது ரயரில் ஒரு சுற்று எவ்வளவு, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் கூடிக்கொண்டு போகிறது. பிட்டுக்குள் போய் வர ஆகும் மொத்த நேரத்தையும் அளந்து வையுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். ரேஸ் 12 சுற்று. சொஃப்ட் 1:45.0 ஓடுகிறது, சுற்றுக்கு 0.35 செக்கன் இழக்கிறது. மீடியம் 1:45.6, இழப்பு 0.15. ஹார்ட் 1:46.2, இழப்பு 0.05. பிட் செலவு 24 செக்கன்.

சொஃப்ட்டை மாற்றாமல் ஓடினால் மொத்தம் 21:23.1. ஆறு சுற்றில் நின்று புதுச் சொஃப்ட் பூட்டினால் 21:34.5, இன்னும் மோசம். ஹார்ட் நிற்காமல் 21:17.7. மீடியம் நிற்காமல் 21:17.1. முதற் சுற்றில் ஹார்ட்டை விட ஒரு செக்கனுக்கு மேல் வேகமாக இருந்த சொஃப்ட், கடைசியில் ஐந்து செக்கனுக்கு மேல் பின்னால் நிற்கிறது. மீடியத்துக்கும் ஹார்ட்டுக்கும் இடையில் வெறும் 0.6 செக்கன். ஏழாவது சுற்றில் இரண்டும் சமமாகி, அதற்குப் பிறகு ஹார்ட் வேகமாகிறது. அதே ரேஸ் 15 சுற்று என்றால் ஹார்ட் 1.5 செக்கனால் வெல்லும்.

இப்படி நெருக்கமாக வந்தால் தொடக்க இடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். முன்வரிசையில் தொடங்குபவர் மீடியத்தில் ஓடி இடைவெளி எடுத்து, கடைசிச் சுற்றுகளில் அதைக் காக்கலாம். பின்வரிசையில் தொடங்குபவருக்கு ஹார்ட் நல்லது. முன்னால் போகிற கூட்டத்துக்குள் சிக்கி எப்படியும் மெதுவாகத்தான் ஓட வேண்டும், அந்த நேரத்தில் மீடியத்தின் வேகம் பயன்படாமல் தேய்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தேய்வு நேர்கோட்டில் போவதில்லை. திரையில் தெரியும் ரயர் படம் பாதிக்குக் கீழே இறங்கும்போது இழப்பு சட்டென்று கூடும், சுற்றுக்கு 0.2 ஆக இருந்தது ஒரு செக்கனைத் தொடும். அந்தச் சுற்று எது என்று சோதனையில் கண்டுபிடித்துத் தாளில் குறியுங்கள். பிட்டுக்குப் போவதற்குரிய கடைசிச் சுற்று அதுதான்.

எந்தச் சில்லு முதலில் தேயும் என்பதும் முக்கியம். ஃபூஜி போன்று மணிக்கூட்டுத் திசையில் சுற்றும் தடங்களில் வலது வளைவுகள் கூட. ஆகவே இடது பக்க ரயர்கள் முதலில் போகும். லகுனா சேக்கா எதிர்த்திசையில் சுற்றுவதால் வலது பக்கம். முன்சில்லு ஓட்டக் கார்களில் ஓட்டம், திருப்பம், பிரேக் மூன்றும் முன்சில்லில் விழுவதால் முன் இரண்டும் பாதியாகும்போது பின் இரண்டும் புதிது போல இருக்கும். செற்றிங் அனுமதித்த ரேஸ் என்றால் முன்னுக்கு ஒரு தரமும் பின்னுக்கு இன்னொரு தரமும் பூட்டலாம். பின்னால் ஒரு படி கடினமானதைப் போட்டால் பீபீ கொஞ்சம் இறங்கும், காரும் எளிதாகத் திரும்பும். இரண்டு படி வித்தியாசம் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

பெற்றோல்

தாங்கி 100 லீற்றர், 12 சுற்று என்றால் சுற்றுக்கு 8.33 லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது. கார் 9.2 லீற்றர் குடிக்கிறது என்றால் 110.4 வேண்டும். 10.4 லீற்றர் குறை. இதற்காகப் பிட்டுக்குப் போனால், நிரப்பும் வேகம் செக்கனுக்கு 5 லீற்றராக இருந்தால் நிரப்ப ஆவது இரண்டு மூன்று செக்கன்தான், ஆனால் பிட் பாதைக்குள் போய் வருவது இருபது செக்கனுக்கு மேல். எரிபொருள் மப்பை (எஞ்சின் எவ்வளவு சிக்கனமாகக் குடிக்க வேண்டும் என்ற அளவு) 1 இல் இருந்து 2, 3 என்று ஏற்றிச் சுற்றுக்கு 0.8 செக்கன் இழந்தாலும் 12 சுற்றில் 9.6 செக்கன்தான். அது மலிவு. (1 முழு வலு, 6 மிகச் சிக்கனம்.) மப்பை மாற்றாமலே மிச்சம் பிடிக்க இன்னொரு வழி, கியரைச் சிவப்புக் கோட்டுக்கு முன்பே மாற்றுவது. முன்னால் ஒரு காரின் காற்று மறைவில் போகும்போது மப்பை ஏற்றி, தனியாக ஓடும்போது இறக்குங்கள்.

ரயருக்காக எப்படியும் நிற்க வேண்டிய ரேஸ் என்றால் இந்தச் சிக்கனம் தேவையில்லை. மப் 1 இலேயே ஓடி, நிற்கும்போது தேவையான அளவை மட்டும் நிரப்புங்கள். தாங்கியை முழுதாக நிரப்ப விட்டுவிடுவது பழக்கமில்லாதவர்கள் செய்வது. மிச்சச் சுற்றுக்கு வேண்டியதும் அரைச் சுற்று மேலதிகமும் காணும்.

காரைக் கட்டும் ஒழுங்கு

முதலில் ஜீடி ஓட்டோவில் (விளையாட்டுக்குள் இருக்கும் கார் பராமரிப்புக் கடை) ஒயில் மாற்றுங்கள். பழைய ஒயிலோடு வலு குறைந்திருக்கும், அந்தக் குறைந்த வலுவுக்கு பீபீ பொருத்திவிட்டுப் பிறகு ஒயில் மாற்றினால் புள்ளி எல்லையைத் தாண்டிவிடும். 600.00 எல்லை என்றால் 600.01 ஐயும் உள்ளே விடாது.

இரண்டாவது ரயர். தீர்மானித்த தரத்தைப் பூட்டி, பீபீ எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எடை. எடை குறைத்தால் பிரேக், திருப்பம், தேய்வு மூன்றுமே நன்மை பெறும். அதே புள்ளியை வலுவில் செலவழித்தால் நேர்ப்பாதையில் மட்டுந்தான் பயன். ஃபூஜியின் பிரதான நேர்ப்பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர், அங்கே வலுவுக்கு மதிப்பு உண்டு. சுக்குபா மொத்தமே 2 கிலோமீற்றர் சொச்சம், அங்கே எடைதான் எல்லாம்.

நான்காவது சஸ்பென்ஷனும் டிஃபரென்ஷலும். முழுதாக மாற்றக்கூடிய வகையை வாங்குங்கள். ஸ்போர்ட்ஸ் ரயரில் ஓடும் பின்சில்லு ஓட்டக் காருக்குத் தொடங்குவதற்கு: எல்எஸ்டி (இரண்டு பின்சில்லுக்கும் வலுவைப் பகிரும் டிஃபரென்ஷல்) ஆரம்ப முறுக்கு 10, அக்சிலரேஷன் 20, பிரேக்கிங் 25. வளைவில் இருந்து வெளியேறும்போது இரண்டு பின்சில்லும் சேர்ந்து வழுக்கினால் அக்சிலரேஷனைக் குறையுங்கள். உள்சில்லு மட்டும் தனியாகச் சுழன்றால் கூட்டுங்கள். காலை எடுத்ததும் பின்பக்கம் ஆடினால் பிரேக்கிங்கை 5 ஆல் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே விளங்காது.

கம்பர் (சில்லு உள்ளே சாயும் அளவு) 1.0 முதல் 2.0 வரை காணும். கூடினால் பிரேக் தூரம் நீளும். அன்ரி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) 1 முதல் 10 வரை போகும். முன் பகுதி வளைவில் வெளியே தள்ளினால் முன் பாரைக் குறையுங்கள், பின்பகுதி சறுக்கினால் பின் பாரைக் குறையுங்கள். காரை அடிமட்டத்துக்கு இறக்குவது வடிவாக இருக்கும், ஆனால் ஓரக்கற்களில் ஏறும்போது அடி தட்டிக் கார் தூக்கி எறியும். தொடக்கத்தில் இருந்த உயரத்தில் 10, 15 மில்லிமீற்றர் குறைத்தால் போதும்.

கடைசியாக எஞ்சின். மிச்சமிருக்கும் புள்ளிக்கு ஏற்ற பாகங்களைப் பூட்டி, எல்லைக்குக் கொஞ்சம் மேலே போய், பிறகு கட்டுப்படுத்துங்கள். பவர் ரிஸ்ரிக்டர் வலுக்கோட்டின் மேற்பகுதியைத்தான் வெட்டும், கீழ்ச் சுழற்சியில் உள்ள இழுவை அப்படியே இருக்கும். ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி) முழுக் கோட்டையும் இறக்கும். ஆகவே மெதுவான வளைவுகள் நிறைந்த தடத்துக்கு ரிஸ்ரிக்டரே நல்ல தெரிவு. அதன் பிறகும் ஓரிரு புள்ளி கூடி இருந்தால் பலாஸ்ற் எடை சேர்க்கலாம். முன்சில்லு கனத்த காரில் அதைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள், எடைப் பகிர்வு சமமாகும். பிறகு மெஷர் பொத்தானை அழுத்தி பீபீயைத் திரும்ப அளக்கவும். அளக்காத எண்ணை நம்பக்கூடாது.

இதை ஒரு தனி செற்றிங் ஷீற்றில் சேமித்து, தடம், பீபீ, ரயர் மூன்றையும் பெயராக வையுங்கள்.

செற்றிங் மாற்ற முடியாத ரேஸ்கள்

ஸ்போர்ட் மோடின் நாளாந்த ரேஸ்களில் பெரும்பாலானவை பீஓபீ (கார்களின் திறனைச் சமப்படுத்தும்) முறையில் நடப்பவை. வலுவையும் எடையையும் விளையாட்டே நிர்ணயிக்கும், மேலே சொன்ன டியூனிங் ஒன்றும் செல்லாது. அங்கே தீர்மானம் கார்த் தெரிவில் இருக்கிறது. பீஓபீ எண்கள் தடத்தின் வேக வகையைப் பொறுத்து மாறுவதால், போன கிழமை வென்ற கார் இந்தக் கிழமை பின்னால் நிற்கலாம். தேய்வு மடங்கு கூடிய Gr.4 (விளையாட்டின் ஒரு ரேஸ் கார் வகுப்பு) ரேஸுக்குச் சிரோக்கோ போன்ற முன்சில்லு ஓட்டக் காரை எடுத்தால், தகுதிச் சுற்றில் வேகம் தெரியும், ரேஸின் பாதியில் முன்சில்லு போய்விடும்.

உங்கள் கையில் இருப்பவை பிரேக் பலன்ஸ் (முன், பின் பிரேக்கின் பகிர்வு), ட்ராக்ஷன் கொன்ரோல் (சில்லு வழுக்காமல் வலுவைக் கட்டுப்படுத்துவது), எரிபொருள் மப் மூன்றும். பிரேக் பலன்ஸ் -5 முழு முன், +5 முழுப் பின். முன்ரயர் தேயத் தேய அதை ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். ட்ராக்ஷன் கொன்ரோல் 5 இல் வைத்து ஓடினால் வெளியேறும் வேகம் செத்துவிடும், 1 காணும். கொன்ரோலரில் ஓடுபவர்கள் ஸ்ரிக்கை முட்டும் வரை தள்ளிப் பிடிப்பதைக் கைவிட வேண்டும். முன்ரயர் படம் சிவக்கிறதைப் பாருங்கள்: அந்த நேரம் கார் கூடுதலாகத் திரும்புவதில்லை, ரயர்தான் உரஞ்சுப்படுகிறது. ஸ்ரிக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் சிவப்பு மறைந்து கார் திரும்பும்.

மழை

ஸ்பா, லு மான், நூர்புர்க்ரிங் போன்ற தடங்களில் வானிலை மாறக்கூடிய நிகழ்வு என்றால் இன்டர்மீடியற்றும் ஹெவி வெற்றும் வாங்காமல் போகவே வேண்டாம். மேகம் எங்கே நிற்கிறது என்பதை ரேடார் காட்டும், பாதையில் நீர் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் உள்ள அளவுக்கோடு காட்டும். முடிவெடுக்க வேண்டியது அளவுக்கோட்டைப் பார்த்து. தூறல் விழுந்த உடனே பிட்டுக்கு ஓடுபவர்கள் பாதை காய்ந்ததும் இன்டர்மீடியற்றைத் தின்றுவிட்டுத் திரும்பவும் நிற்பார்கள். நீர்மட்டம் நடுக்கோட்டை நெருங்கும்போது இன்டர்மீடியற், அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஹெவி வெற். லு மான் ஒரு சுற்று 13.6 கிலோமீற்றர், நூர்புர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப 20.8. அங்கே பிட் வாசலைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு பல நிமிடங்களுக்குப் பிறகு. சந்தேகம் வந்தால் ஒரு சுற்று முந்தியே மாற்றுங்கள். குட்டித் தடத்தில் ஒரு சுற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

சோதனை

ரைம் ட்ரயலில் (தனியாக ஓடிச் சுற்று நேரம் எடுப்பது) ரயர் தேயாது, அங்கே எடுத்த நேரத்தை வைத்து ரேஸைத் திட்டமிட முடியாது. கஸ்ரம் ரேஸ் (விதிகளை நீங்களே போடும் ரேஸ்) திறந்து, அதே தடம், அதே தேய்வு மடங்கு, அதே பெற்றோல் மடங்கு போட்டு ஒவ்வொரு ரயரிலும் ஆறு ஏழு சுற்று ஓடுங்கள். சுற்று நேரத்தையும் மிச்சப் பெற்றோலையும் கோடு கடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுதினால் நல்லது. கார் பாதையை விட்டுப் போன சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லொபியும் வீட்டு ஆயத்தமும்

யாழ்ப்பாணத்துப் பெடியளின் லொபியில் லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஆட்கள் சேருவது வழமை. இங்கே இரவு 9 மணி என்றால் கோடை காலத்தில் லண்டனில் மாலை 4:30, பாரிஸில் 5:30, ரொறன்ரோவில் காலை 11:30. ஒக்ரோபர் கடைசியில் ஐரோப்பாவும் நவம்பர் தொடக்கத்தில் கனடாவும் மணிக்கூட்டைப் பின்தள்ளும், அப்போது ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் குறையும். இடைப்பட்ட நாட்களில் இரண்டும் ஒத்துப் போகாது, நேரத்தை முதலே எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

தூரத்தில் இருப்பவரின் கார் திரையில் சிறு துள்ளலோடு தெரியும். பக்கத்தில் உரசாமல் ஒரு கார் அகலம் விட்டு முந்துவதை எல்லோரும் விதியாக ஏற்க வேண்டும். வைஃபையை விட்டு லான் வயரைப் பூட்டுங்கள், ரூமைத் திறப்பவர் தளம்பாத இணைப்பு உள்ளவராக இருக்கட்டும்.

கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த ரேஸ் முடிக்காததாகவே போகும். ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் சின்ன 12 வோல்ற் யூபிஎஸ் வைப்பது செலவு குறைந்த முதற்படி. பிளேஸ்ரேஷனுக்கும் ரீவிக்கும் சேர்த்து யூபிஎஸ் வாங்குவதானால் விஏ எண்ணை மட்டும் பார்க்காமல் வோற் எண்ணைப் பாருங்கள்: பிஎஸ்5 இன் உச்ச மின் தேவை 350 வோற் அளவில், அதற்கு மேல் ரீவி. சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொரு பிரச்சினை. பிஎஸ்5 இயங்க ஏற்ற அறை வெப்பநிலை 5 முதல் 35 பாகை வரை என்று சொனி சொல்கிறது. தகரக் கூரை அறையில் மத்தியானம் அது தாண்டும். நீண்ட ரேஸை இரவில் வையுங்கள், பின்பக்கத்துக்குச் சுவரில் இருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள், தூசித் துளைகளை மாதம் ஒருக்கா உறிஞ்சி எடுங்கள்.

ரேஸ் நாளுக்கு முதல் இரவே அப்டேற் வந்திருக்கிறதா என்று பார்த்து இறக்கிவிடுங்கள். 2024 ஜூலையில் வந்த 1.49 அப்டேற்றில் சஸ்பென்ஷனும் ரயரும் நடக்கும் விதம் மாறி, பீபீ எண்களும் மாறின. அப்படி ஒன்று வந்தால் சேமித்த ஷீற்றைத் திறந்து திரும்ப மெஷர் செய்யுங்கள். எல்லையைத் தாண்டி இருந்தால் ரயரில் கை வைக்காமல் ரிஸ்ரிக்டரை இறக்குங்கள், பிறகு ஐந்து சுற்று ஓடித் தேய்வைப் பாருங்கள்.